சேர்வரில் 5ஆவது, 6ஆவது டிஸ்க் மட்டும் கழன்று கழன்று போகிறது. புது டிஸ்க் போட்டும் அதே கதை

மடுவத்துக்காரன் (ஹட்டன் பக்கம்):

வணக்கம் அண்ணன்மாரே. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலக சேர்வர் பற்றிய கேள்வி. செக்ரோலும் (தொழிலாளர் பெயர், சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறுவைக் கணக்கும் இதில்தான் இருக்கிறது.

டவர் கேஸ், முன்பக்கம் 8 தட்டுள்ள ஹொட்-ஸ்வொப் பேக்பிளேன் (ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றிப் போடக்கூடிய இணைப்புப் பலகை). எல்எஸ்ஐ 9211-8ஐ டிஸ்க் கார்ட், ஐடி மோடில் (கார்ட் தானே ரெய்ட் செய்யாமல் டிஸ்க்குகளை நேரே காட்டும்). கார்டிலிருந்து இரண்டு 8087 மினி சாஸ் கேபிள்: ஒன்று 1 முதல் 4 வரையான தட்டுகளுக்கு, மற்றது 5 முதல் 8க்கு. 4 டிபி சாட்டா டிஸ்க் ஆறு, முதல் ஆறு தட்டுகளில். டெபியன் லினக்ஸ், எம்டிஏடிஎம் (டிஸ்க்குகளை ஒரே தொகுதியாகக் கட்டும் மென்பொருள்), ரெய்ட் 6.

மூன்று வாரத்துக்கு முன் 5ஆவது டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றது. ரீபூட் செய்ததும் வந்தது, பிறகு மறுபடி போனது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து கொழும்பிலிருந்து புதியது எடுத்து அதே தட்டில் போட்டோம். ரீபில்ட் (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதுவது) முழுதாக முடிந்து இரண்டாம் நாள் அதுவும் கழன்றது. நேற்றிலிருந்து 6ஆவதும் இல்லை. இப்போது 6க்கு 4 டிஸ்க்கில்தான் ஓடுகிறது. கழன்ற டிஸ்க்குகள் சில விநாடியில் எஸ்டிஎச், எஸ்டிஐ என்று புதுப் பெயரில் திரும்பி வந்து நிற்கின்றன, ஆனால் ரெய்ட் அவற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெரும்பாலும் காலை 4.30க்கும் 6க்கும் இடையில்தான் நடக்கிறது. சேர்வர் ஒரு தடவைகூடத் தானாக ரீபூட் ஆகவில்லை. யூபிஎஸ் உண்டு. ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நலத்தைப் பதிந்து வைக்கும் எண்கள்) கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197, 198 எல்லாம் 0. 10ஆம் திகதி சம்பளம். இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கச் சொல்லட்டுமா?


லயத்து லினக்ஸ்:

வாங்க வேண்டாம். 5, 197, 198 மூன்றும் 0 என்றால் டிஸ்க்கின் மேற்பரப்பில் குறை எதுவும் பதிவாகவில்லை. ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு டிஸ்க் ஒரே மாதிரி விழுகிறது என்றால் குற்றம் அந்த இடத்தில்.

அதற்கு முன் அவசரமான ஒன்று. ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் இழப்பைத்தான் தாங்கும். நீங்கள் இரண்டையும் இழந்துவிட்டீர்கள். இனி ஒன்று விழுந்தால் அரே, அதாவது டிஸ்க் தொகுதி, நின்றுவிடும். ஆகவே கையில் ஸ்க்ரூட்ரைவர் எடுப்பதற்கு முன்:

செக்ரோல் டேட்டாபேஸை டம்ப் (முழுப் பிரதி) எடுத்து வெளி யூஎஸ்பி டிஸ்க்கில் போடுங்கள். பிறகு மற்றக் கோப்புகள். முழு அரேயையும் கொப்பி செய்ய உட்காராதீர்கள், பெறுமதியானது முதலில். கொப்பி எடுத்த கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

அரே ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தத் தட்டையும் வெளியே இழுக்க வேண்டாம். எந்தத் தட்டு எது என்று நீங்கள் நினைப்பது தவறாக இருக்கலாம்; எஸ்டிஎச், எஸ்டிஐ என்ற எழுத்துகள் ஒவ்வொரு தடவையும் மாறும். சீரியல் நம்பரைப் பார்த்துத் தட்டின் முகத்தில் ஒட்டுத்தாளில் எழுதி வையுங்கள்.

எம்டிஏடிஎம்மின் 'கிரியேட்' கட்டளையைக் கொண்டு அரேயை 'மீண்டும் உருவாக்க' யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டிஸ்க் வரிசையோ சங்க் அளவோ (தரவைத் துண்டாக்கும் அளவு) ஒன்று பிசகினாலும் தரவு கந்தலாகும்.

குற்றவாளி பற்றி: என் சந்தேகம் இரண்டாவது 8087 கேபிள். 199ஆவது எண், அதாவது சிஆர்சி பிழை எண்ணிக்கை, எவ்வளவு?


பண்டாரவளை வயர்மேன்:

கேபிளுக்குப் போவதற்கு முன் இன்னும் இரண்டு எண் கேளுங்கள் லினக்ஸ். 199 மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

தம்பி, ஆறு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட்சிடிஎல் (ஸ்மார்ட் எண்களைக் காட்டும் கட்டளை) போட்டு 12, 192, 199 மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். 12 என்பது டிஸ்க்குக்கு மின்சாரம் எத்தனை தடவை வந்தது. 192 என்பது எத்தனை தடவை திடீரென்று மின்சாரம் போய், தரவை வாசிக்கும் ஹெட் அவசரமாகப் பின்வாங்கியது. 199 என்பது கேபிள் வழியே போன தரவு எத்தனை தடவை பிழையாகப் போய்ச் சேர்ந்தது. 199 குறையவே குறையாது. பழைய பிழையும் அதிலேயே நிற்கும், ஆகவே இன்றைய எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, ஏறுகிறதா என்பதுதான்.

12உம் 192உம் அப்படியே இருக்க, 199 மட்டும் நூற்றுக்கணக்கில் ஏறினால் தரவுக் கேபிள், அல்லது பேக்பிளேனின் தரவுப் பக்கம். சேர்வர் ரீபூட் ஆகாமலேயே 12 ஏறினால் அந்த டிஸ்க்குக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. மூன்றுமே அசையாமல் டிஸ்க் கழன்றால் கார்ட், ஃபேர்ம்வேர், அல்லது டிஸ்க் பதில் சொல்லத் தாமதிப்பது.

இப்போதே ஒன்று சொல்லலாம். காலை 4.30 என்றால் ரோலர் மோட்டர் ஸ்டார்ட் ஆகும் நேரம், வோல்டேஜ் இறங்கும், ஆகவே யூபிஎஸ் மீது பழி போடத் தோன்றும். ஆனால் ஆறு டிஸ்க்கும் ஒரே பவர் சப்ளையில்தான் இருக்கின்றன. மெயின்ஸ் இறங்கியதால் பவர் சப்ளை தள்ளாடியிருந்தால் ஆறும் விழும், அல்லது சேர்வரே ரீபூட் ஆகும். இரண்டு மட்டும் விழுவதென்றால் பழுது பவர் சப்ளையைத் தாண்டி, அந்த இரண்டுக்கு மட்டும் போகும் பாதையில். யூபிஎஸ் மாறும் சில மில்லி விநாடியை நல்ல பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரிலேயே சமாளித்துக்கொள்ளும்.


மடுவத்துக்காரன்:

டம்ப் எடுத்து வேறு மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டேன், சரி.

1 முதல் 4 வரை: 12 எல்லாவற்றிலும் 61. 192 எல்லாவற்றிலும் 9. 199 எல்லாம் 0.
6ஆவது: 12 = 68, 192 = 16, 199 = 1.
5ஆவது (புதியது): 12 = 14, 192 = 11, 199 = 3. இதைப் போட்ட பிறகு சேர்வரை ரீபூட் செய்தது இரண்டே தடவை.


பண்டாரவளை வயர்மேன்:

இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 6ஆவது டிஸ்க் கூட இருக்கும் நான்கைவிட 7 தடவை அதிகமாக மின்சாரம் இழந்திருக்கிறது, 192இலும் அதே 7 வித்தியாசம். 199இல் இருக்கும் 1உம் 3உம் கேபிள் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. மின்சாரம் அறுந்த நொடியில் கேபிளில் போய்க்கொண்டிருந்தது அரைகுறையாய் முடிந்திருக்கும். கேபிள் கெட்டிருந்தால் இரண்டு இலக்கத்தில் நிற்காது.

சேர்வரை முறையாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கக் கதவைத் திறவுங்கள். பேக்பிளேனின் பின்னால் பெரிய நான்கு பின் மொலெக்ஸ் இரண்டு இருக்கும். சில பேக்பிளேனில் இரண்டும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும், சிலவற்றில் நான்கு நான்காகப் பிரிந்திருக்கும். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு சொக்கெட்டின் 12 வோல்ட் பின்னிலிருந்து மற்றதின் 12 வோல்ட் பின்னுக்குப் பாருங்கள். 0 ஓம் வராவிட்டால் பிரிந்தது. உங்களுடையது பிரிந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

5 முதல் 8 வரையான பக்கத்து மொலெக்ஸைக் கழற்றி, வெளிச்சத்தில் முகத்தைப் பாருங்கள். மஞ்சள் (12 வோல்ட்) வயரின் துளையை முக்கியமாக. நான்கு துளையிலும் உள்ளே இருக்கும் உலோகக் குழல் ஒரே ஆழத்தில் நிற்கிறதா? ஒன்று மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? வாய் விரிந்திருக்கிறதா? பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா? பிறகு அந்த வயர் பவர் சப்ளையிலிருந்து எப்படி வருகிறது என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.


மடுவத்துக்காரன்:

சரியாகச் சொன்னீர்கள். ஓம் மீட்டரில் இணைப்பு இல்லை, பிரிந்ததுதான். மஞ்சள் வயரின் குழல் மற்ற மூன்றைவிட ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உள்ளே போயிருக்கிறது, வாய் ஒரு பக்கம் விரிந்திருக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழைய தேயிலைச் சாயம்போல மங்கிப்போயிருக்கிறது. பேக்பிளேன் பக்கப் பின்னில் கறுப்புப் படலம். வயரைத் தொடர்ந்து போனால், பவர் சப்ளையிலிருந்து ஒரே ஒரு மொலெக்ஸ் வால் வருகிறது. அதில் வை வடிவ ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு சொக்கெட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.


பண்டாரவளை வயர்மேன்:

அதுதான். தள்ளப்பட்ட குழல் பின்னின் நுனியை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழல எழும்போது 12 வோல்ட்டில் 2 அம்பியர் அளவு இழுக்கும். ஓட ஆரம்பித்த பிறகு அரை அம்பியர் பக்கம்தான். அந்தத் தளர்ந்த தொடுப்பில் 0.3 ஓம் இருந்தாலே, இரண்டு டிஸ்க் எழும் 4 அம்பியரில் 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 இருந்த இடத்தில் 10.8. பவர் சப்ளை விதிப்படி குறைந்தது 11.4 இருக்க வேண்டும். ஓடும்போது தாக்குப்பிடிக்கும். ஒரு ஆட்டத்தில் தொடுப்பு ஒரு கணம் விட்டால் டிஸ்க் ரீசெட் ஆகும், மறுபடி சுழல 2 அம்பியர் கேட்கும், அந்தத் தளர்ந்த பின் வழியே அது வராது, மறுபடி விழும். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும், தடிக்கத் தடிக்க ஓம் ஏறும்.

அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்றால், ரோலர். நீங்கள் சொன்ன 4.30 மணிக்குப் பொருந்துவது வோல்டேஜைவிட அதிர்வுதான். சேர்வர் ரோலர் அறையோடு ஒட்டிய சுவரில் சாய்ந்திருந்தால் தள்ளி வையுங்கள், காலடியில் தடித்த றப்பர் விரிப்புப் போடுங்கள்.

திருத்தும் முறை:

வை ஸ்பிளிட்டரைத் தூக்கிப் போடுங்கள். ஆறு டிஸ்க் ஒன்றாக எழும் நொடியில் 12 அம்பியர் ஒரே மொலெக்ஸ் பின் வழியே போகிறது. அது 10 அம்பியரை ஒட்டிய பின், அதுவும் புதிதாக இறுக்கமாக இருந்தால். பேக்பிளேனின் இரண்டு சொக்கெட்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி வால் வர வேண்டும்.

உங்கள் பவர் சப்ளையில் இரண்டாவது மொலெக்ஸ் வால் இல்லை என்றால், சாட்டா பவரிலிருந்து மொலெக்ஸுக்கு மாற்றும் அடப்டரை வாங்கிவிடாதீர்கள். கொழும்பு யூனிட்டி பிளாசா கணினிக் கடைகளில் கேட்டால் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 4.5. அதில் நான்கு டிஸ்க்கைத் தொங்கவிட்டால் எழும்போது 8 கேட்கும். பவர் சப்ளையையே மாற்றுவது மேல். மொடியூலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால், அதே மொடலுக்கான மொலெக்ஸ் கேபிள் மட்டும். வேறு பவர் சப்ளையின் மொடியூலர் கேபிள் துளைக்குள் பொருந்தும், ஆனால் பின் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் இடத்தில் 12 போனால் ஆறு டிஸ்க்கும் ஒரே நொடியில் போகும்.

பேக்பிளேன் பக்கப் பின்னை 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடையுங்கள். படலம் போகாமல் பின்னில் குழி தெரிந்தாலோ, பின்னடியில் சோல்டர் வளையம் வெடித்திருந்தாலோ பேக்பிளேனை மாற்ற வேண்டும். வெடிப்பு மட்டும் என்றால் சோல்டர் தெரிந்தவர் திருத்தலாம். விரிந்த குழலை ஊசியால் நெருக்கி இறுக்குவது உண்டு. அது 10ஆம் திகதியைத் தாண்டுவதற்கு மட்டும்.

பிறகு அளந்து பாருங்கள். மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயருக்கும் சிவப்பைப் பேக்பிளேன் பக்க மஞ்சளுக்கும் பின்புறமாகச் செருகி, மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் மோடில் போட்டு சேர்வரைத் தொடக்குங்கள். எழும்போது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. 5 வோல்ட்டில் 4.75.


நானுஓயா நட்போல்ட்:

பின்னில் கறுப்பு ஏற ஈரமும் ஒரு காரணம். பஞ்சுபோல் பறக்கும் தேயிலைத் தூசு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கேஸின் முன் வலையைக் கழற்றிப் பாருங்கள், கம்பளி மாதிரி படிந்திருக்கும். கொழும்பிலிருந்து வரும் புது டிஸ்க்கை இங்கத்தைய குளிரில் உடனே ஓடவிடாமல் ஒருநாள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பனித்துவிடும். உயரமும் டிஸ்க்குக்கு ஆகாது என்கிறார்கள்.


பண்டாரவளை வயர்மேன்:

தூசு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் சரியில்லை. சூடான பொருளைக் குளிரிடத்துக்குக் கொண்டுவந்தால் அதில் நீர் படியாது. குளிர்ந்த பொருளைச் சூடான ஈரக் காற்றுக்குக் கொண்டுபோனால்தான் படியும், குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல. ஆகவே கவனம் வேண்டியது நுவரெலியாவிலிருந்து கொழும்புக்குத் தரவு மீட்க எடுத்துப்போகும் டிஸ்க்குக்கு. ஏறும்முன் பையில் காற்றுப் புகாமல் மூடி, போன இடத்தில் பையைத் திறக்காமல் சில மணித்தியாலம் வைத்து, பிறகு இணைக்க வேண்டும். இங்கேயே என்றால் குளிர் அலுவலகத்தில் கிடந்த டிஸ்க்கை ட்ரையர் பக்கத்து அறைக்குக் கொண்டுபோவதும் அதே ஆபத்து. மிகக் குளிர்ந்த இரவுகளில் ஒன்று பாருங்கள்: பொதுவாக டிஸ்க் இயங்கக்கூடிய கீழெல்லை 5 பாகை. நிறுத்தி வைக்காமல் ஓடிக்கொண்டிருந்தால் தன் சூட்டிலேயே அதற்கு மேல் நிற்கும்.

உயரம்: பொதுவாக டிஸ்க்குகளுக்கு 3,000 மீற்றர் அளவுவரை அனுமதி உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர், ஹட்டன் அதைவிடத் தாழ்வு. கவலை இல்லை.


குண்டசாலை கேபிள்:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு டிஸ்க் கழல்வதில்லை, புது டிஸ்க் சுழலவே மாட்டேன் என்கிறது. வெளி யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க். யூஎஸ்பியில் ஓடியது, சேர்வர் தட்டில் சத்தமே இல்லை.


லயத்து லினக்ஸ்:

அது வேறு நோய். புதுச் சாட்டா விதிப்படி பவர் கனெக்டரின் 3ஆவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்திரு' என்று பொருள். பழைய பேக்பிளேனும் பழைய பவர் சப்ளையும் அந்தப் பின்னில் எப்போதும் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க் எழும்பாது. டிஸ்க்கின் 3ஆவது தகட்டின்மேல் மெல்லிய கெப்டன் டேப்பை (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டுங்கள். எண்ணும்போது எல் வடிவப் பள்ளம் இருக்கும் முனையைத் தரவுப் பக்கத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 15 தகடுள்ள நீளப் பகுதியில், தரவுக் கனெக்டரை ஒட்டிய முனையிலிருந்து மூன்றாவது. சாதாரண செலோ டேப் சூட்டில் பசை விட்டு நகரும்.

மடுவத்துக்காரன், மின்சாரம் சரியான பிறகு அரேயைத் திருப்பும் விதம்:

நான்கு டிஸ்க்கோடு அரே எழும்பியதும் ஒவ்வொரு டிஸ்க்கையும் எம்டிஏடிஎம் 'எக்ஸாமின்' போட்டு 'ஈவன்ட்ஸ்' எண்ணை (அரேயில் நடந்த மாற்றங்களின் எண்ணிக்கை) பாருங்கள். 1 முதல் 4 வரை ஒரே எண், 5உம் 6உம் பின்தங்கியிருக்கும். 5க்கு முதலில் 'ரீ-அட்' கொடுங்கள். 100 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் அரே உருவாக்கும்போது எம்டிஏடிஎம் தானாகவே பிட்மெப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) வைக்கும். அது இருந்தால் கழன்ற பிறகு மாறிய பகுதியை மட்டும் எழுதும், நிமிடங்களில் முடியும். 'ரீ-அட்' மறுத்தால் சாதாரண 'அட்'. அப்போது முழு ரீபில்ட்: 4 டிபிக்கு, சராசரி விநாடிக்கு 130 எம்பி என்றால், எட்டரை மணித்தியாலம். ஆட்கள் வேலை செய்யும்போது இன்னும் கூடும். 5 முடிந்து அரே ஒரு டிஸ்க் குறைவுக்கு வந்த பின் 6.

புதிதாக வாங்கியது டெஸ்க்டொப் டிஸ்க்கா? அப்படியானால் மொடல் எண்ணைத் தேடி எஸ்எம்ஆரா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகை) சிஎம்ஆரா (தடங்களைத் தனித்தனியாக எழுதும் வகை) என்று பாருங்கள். 4 டிபி டெஸ்க்டொப் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர். முழு ரீபில்டில் நொண்டும். இன்னொன்று, பிழை வந்தால் டெஸ்க்டொப் டிஸ்க் நிமிடக்கணக்கில் தானே முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும், பிறகு ரீசெட் செய்யும். ஸ்மார்ட்சிடிஎல்லில் 'எஸ்சிடிஇஆர்சி' (பிழையில் டிஸ்க் முயலும் நேர வரம்பு) 70, 70 என்று கொடுத்தால் 7 விநாடியில் கைவிடும் (அலகு 100 மில்லி விநாடி). மின்சாரம் போனால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடும், ஆகவே பூட் ஸ்கிரிப்டில் வையுங்கள். டிஸ்க் அந்தக் கட்டளையை ஏற்காவிட்டால் கேர்னல் பக்கப் பொறுமையை 180 விநாடிக்கு ஏற்றுங்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு முழு 'செக்' ஓட்டி, மறுபடி 12, 192, 199 எழுதி வையுங்கள்.


மடுவத்துக்காரன்:

வை ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டோம். பவர் சப்ளையில் கட்டி வைத்திருந்த இன்னொரு மொலெக்ஸ் வால் கேஸின் அடியில் கிடந்தது, அதைக் கொடுத்தோம். எழும்போது மிகக் குறைந்தது 11.82 வோல்ட். பின்னில் குழி இல்லை, துடைத்ததும் பளிச்சென்று வந்தது. 5உம் 6உம் 'ரீ-அட்'இலேயே ஏற்றுக்கொண்டன, இரண்டும் சேர்த்து 20 நிமிடம்கூட ஆகவில்லை. புதியது சிஎம்ஆர்தான். ஐந்து நாளாக 12, 192, 199 எதுவும் அசையவில்லை. டவர் இப்போது எதிர்ச் சுவரில்.

செத்ததாக நினைத்துக் கழற்றிய பழைய 5ஆவது டிஸ்க்கை என்ன செய்வது?


லயத்து லினக்ஸ்:

வேறு கணினியில் போட்டு ஸ்மார்ட் நீண்ட சோதனை ஓட்டுங்கள், 4 டிபிக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகும். அதன் பிறகும் 5, 197, 198 மூன்றும் 0 என்றால் நல்ல டிஸ்க். அதில் பழைய அரேயின் அடையாளம் இன்னும் இருக்கிறது. எம்டிஏடிஎம் 'ஜீரோ-சூப்பர்பிளொக்' கொடுத்து அழியுங்கள். கொடுக்கும் முன் சீரியல் நம்பரை இரண்டு தடவை பாருங்கள். பிறகு உலர் சிலிக்கா பையோடு மூடி, தட்டோடு சேர்த்து அலுமாரியில் உதிரியாக வையுங்கள். 7ஆவது தட்டில் ஹொட் ஸ்பெயராக (ஒன்று விழுந்தால் தானாகச் சேரும் உதிரி) போடலாமே என்று தோன்றும். இரண்டாவது வால் இப்போது தனியாக இருப்பதால் தாங்கும்தான், ஆனால் முன் வலைத் தூசைத் துடைத்து ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.